குசினிக்குள் இருந்து வந்த குரல்

உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் படத்துக்கு நான் மாலை போட்டிருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் இல்லை; புண்ணியம் என்று நினைத்துத்தான் போட்டேன். அந்த வீட்டில் என் குழப்பம் அன்றைக்குத் தொடங்கியது. இன்றுவரை முழுதாகத் தெளியவில்லை.

சிட்னியில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிக்க உதவுவது, மருந்து கொடுப்பது, நடக்கக் கூட்டிக்கொண்டு போவது, சில வீடுகளில் ஒரு கறியும் வைப்பது. பரமட்டாவில் பழைய அடுக்குமாடி ஒன்றில் இருந்த தைவான் தம்பதியிடம் என்னை அனுப்பும்போது, கணவர் ஒரு காலத்தில் சினிமா இயக்குநர், இப்போது ஞாபகம் கழன்றுகொண்டு வருகிறது என்று மட்டும் சொன்னார்கள். இயக்குநர் என்றதும் சண்டைப் படம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கத்துச் சினிமா என்றால் கூரைக்குக் கூரை பாய்ந்து அடிப்பார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. போய்ப் பார்த்தால், காதல் படம் எடுத்தவராம். அதுவும் நாவல்களிலிருந்து எடுத்த, மழையில் நனைந்துகொண்டு கண்ணீர் விடுகிற காதல் படங்கள்.

வயதானவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அதனால் அவர் அங்கிள், மனைவி அன்ரி. அங்கிளுக்கு எண்பது தாண்டிவிட்டது. வீட்டுக்குள்ளும் கோட் போட்டிருப்பார். அன்ரி குட்டையான, சுறுசுறுப்பான பெண். இடுப்பெலும்பு தேய்ந்து நொண்டி நொண்டி நடந்தாலும் ஒரு இடத்தில் இருக்கமாட்டார். எனக்கும் அன்ரிக்கும் பொது மொழி ஆங்கிலம், இரண்டு பேருடையதும் உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் வாசிக்கிறவர் பாவம் என்பதால் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் நான் உள்ளே போனதும் அங்கிள் இரண்டு கைவிரல்களையும் சதுரமாகப் பிடித்து அதற்குள்ளால் என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ கடுமையாகச் சொன்னார்.

“உம்மட முகத்தில வெளிச்சம் விழேல்லையாம். யன்னல் பக்கம் போய் நிக்கட்டாம்,” என்றார் அன்ரி.

போய் நின்றேன். அவர் தலையாட்டினார். ஐம்பது வயதில் எனக்குச் சினிமா வாய்ப்பு வந்திருக்கிறது என்று அன்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கதாநாயகியோ, கதாநாயகின்ர மாமியாரோ?” என்று கேட்டுவிட்டு அவர் ரீவியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வீட்டின் வரவேற்பறையில், ரீவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு இளம்பெண்ணின் பெரிய படம் இருந்தது. நீண்ட தலைமயிர், கொஞ்சம் சரிந்த பார்வை, அப்படி ஒரு அழகு. கீழே பூச்சாடி. அங்கிள் காலையில் எழும்பியதும் அதற்கு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவார். சிலவேளை படத்தோடு பேசுவார். எங்கள் வீடுகளில் ஒரு தனி ஆளின் படத்துக்குச் சட்டம் போட்டு, சுவரில் உயரத்தில் மாட்டி, கீழே பூவும் வைத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இது அவருடைய முதல் மனைவி, இளமையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவம், இந்த அன்ரி இரண்டாம் தாரம். நானே கதையை எழுதி நானே நம்பியும் விட்டேன். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு முன்னால் போகும்போது என் குரல்கூடத் தானாகத் தணிந்தது.

ஒரு சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போயிருந்தோம். அர்ச்சனைத் தட்டில் ஐயர் ஒரு பூச்சரம் வைத்துத் தந்தார். வழக்கமாக அதைக் காருக்குள் தொங்கவிடுவேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை அதை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய், கதிரையில் ஏறிப் படத்துக்குப் போட்டுவிட்டு, இறங்கிக் கைகூப்பி நின்றேன்.

அன்ரி அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து வந்தார்.

“என்ன செய்யிறீர்?”

“அங்கிளின்ர முதல் மனிசிக்கு, அன்ரி. எங்கட கோயில் பூ. ஆத்மா சாந்தியடையட்டும்.”

அன்ரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அகப்பையை ரீவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடுப்பு நோக நோகச் சிரித்தார்.

“அவ உயிரோட இருக்கிறா! அமெரிக்காவில மகளோட இருக்கிறா. போன கிழமையும் போன் எடுத்தவ. முழங்கால் நோகுது எண்டு ஒரே புலம்பல்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாலையை எடுக்கக் கையை நீட்டினேன். அங்கிள் விடவில்லை. பூ நன்றாக இருக்கிறதாம், இருக்கட்டுமாம். காய்ந்து கொட்டும்வரை அந்த மாலை அங்கேயே தொங்கியது. அதுவரைக்கும் அமெரிக்காவில் அந்த மனுஷிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நான் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு திரிந்தேன்.

“அப்ப இவ ஆர் அன்ரி?”

“நடிகை. இவற்ற படங்களில எல்லாம் அவதான் கதாநாயகி.”

“நீங்களும் நடிச்சனீங்களோ?”

“ஓம். அதே படங்களில, அதே கதாநாயகியா.” அன்ரி அகப்பையை எடுத்துக்கொண்டார். “முகம் அவவின்ர. குரல் என்ர.”

இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கனநாள் எடுத்தது. மரக்கறி நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அன்ரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் அங்கே படம் பிடிக்கும்போது ஒலியைப் பதிவதில்லை. நடிகர்கள் வாயை அசைத்தால் போதும். பிறகு ஒரு இருட்டறையில் வேறு ஆட்கள் திரையைப் பார்த்தபடி குரல் கொடுப்பார்கள். அந்த நடிகை பேசிய மாண்டரின் சீனத்தில் ஊர்ப்பக்கத்து வாடை அடித்ததால் அவளுடைய சொந்தக் குரல் ஒரு படத்திலும் வரவில்லை. அன்ரியின் தகப்பன் சீனாவின் வடக்கிலிருந்து வந்தவர். அவர்கள் வீட்டில் சுத்தமான மாண்டரின். ஆகவே அழகி வாயசைத்தாள், அன்ரி பேசினார். படம் முடிந்து பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது அன்ரி தியேட்டர் வாசலில் நின்று தர்ப்பூசணி விதை கொறித்தபடி பார்ப்பாராம். ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

“உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?”

“ஏன் வரோணும்? அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது என்னைத்தானே.”

அங்கிள் பிறந்தது தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில். வீட்டில் ஒரு மொழி. ஜப்பான்காரர் ஆண்டபடியால் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழி. அவர் சிறுவனாக இருக்கும்போதே ஆட்சி மாற, அதற்குப் பிறகு மாண்டரின். மூன்றும் எனக்கு அரைகுறை என்று அவரே சொல்வாராம். படப்பிடிப்பில் பெட்டி தூக்கத் தொடங்கி உதவி இயக்குநர் ஆனார். பத்திரிகையில் தொடராக வந்த காதல் நாவல்களைப் படமாக்கத் தொடங்கியதும் அவருக்குக் காலம் கூடிவந்தது. தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் லீவு நாளில் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஏழைப் பெண், பணக்காரப் பையன், ஒத்துக்கொள்ளாத தாய், கடற்கரை, மழை, கடைசியில் ஒரு நோய். “எங்கட படங்களும் இதுதான் அன்ரி,” என்றேன். செலவைக் குறைக்க முழுக்கதையும் மூன்றே இடங்களில் நடக்குமாம்: வரவேற்பறை, சாப்பாட்டறை, கோப்பிக் கடை. அதை வைத்து ஊரில் ஆட்கள் பகிடி பண்ணுவார்களாம்.

தன் மாண்டரின் உச்சரிப்பில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் குரல் பதிகிற இருட்டறையில் அவர் காதை நம்பமாட்டார். திரையில் நடிகையின் உதட்டை மட்டும் பார்ப்பார். குரலும் உதடும் ஒரு மயிரிழையும் விலகாமல் சேர்ந்தால், மடக்கிய விரலால் மேசையில் ஒருமுறை தட்டி ஒரு சொல் சொல்வார். பொருந்தியது என்று அர்த்தம்.

“அந்தத் தட்டு விழும்வரைக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லோணும்,” என்றார் அன்ரி. “கலியாணம் கட்டின பிறகும் இந்த மனிசன் அதுக்குமேல என்னைப் புகழ்ந்ததில்லை.”

பிறகு இளம் இயக்குநர்கள் வந்தார்கள். தெருவில் படம் பிடித்தார்கள், அந்த இடத்துச் சத்தத்தோடேயே பதிந்தார்கள். அங்கிள் அப்படி ஒரு படத்தைப் பார்க்கப் போய்விட்டு வந்து சாப்பிடவில்லையாம். “அதில எல்லாரும் தங்கட சொந்தக் குரலில கதைக்கினம்,” என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அவருடைய படங்களுக்கு ஆட்கள் வரவில்லை. மகன் சிட்னியில் படிக்க வந்ததால் இவர்களும் வந்தார்கள், ஒரு வீடியோக் கடை வைத்தார்கள், காலத்தோடு அதுவும் போய்விட்டது.

இதெல்லாம் அன்ரி சொன்னது. அங்கிள் சொல்வது வேறு. அவருடைய கணக்கில் அவர் மனைவியை ஒரு ரயில் நிலையத்தில் மழையில் சந்தித்தார். இன்னொரு நாள் சொன்னால் அது கடற்கரை. இன்னொரு நாள் மனைவி இரத்தத்தில் நோய் வந்து செத்துப்போய்விட்டாள், பிறகு எப்படியோ எழும்பித் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அன்ரி எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிடுவார். “இது படத்தில வந்தது. இல்லை, பொறும். மழையில நிண்டது உண்மை. ரயில் படத்தில.” அன்ரிக்கே தடுமாற்றம் என்றால் நான் எம்மாத்திரம்.

இப்போது அங்கிளின் வாழ்க்கையும் அந்த மூன்று இடங்களுக்குள்தான் நடந்தது. வரவேற்பறையில் படம், சாப்பாட்டு மேசை, பின்னேரத்தில் நான் கூட்டிக்கொண்டு போகிற கோப்பிக் கடை. அங்கே நான் அவருடைய உதவியாளர். கோப்பையைக் காட்டி, மேசையின் மற்றப் பக்கத்தைக் காட்டி, என்னில் பாய்வார். நேற்று அங்கே இருந்தது, இன்றைக்கு ஏன் இங்கே என்கிறாராக்கும். மொழி விளங்காவிட்டாலும் ஏச்சு விளங்கும். எனக்கும் கோபம் வரும். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தமிழில் நானும் இரண்டு சொல்வேன். அவர் திருப்தியாகத் தலையாட்டுவார்.

அங்கிள் அன்ரியை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. அவர் அன்ரியிடம் காட்டிய மரியாதை அளவுக்கு மிஞ்சியதாக இருந்தது. சாப்பாடு கொடுத்தால் எழும்பி நின்று குனிந்து நன்றி சொல்வார். எந்தப் புருஷன் அப்படிச் செய்வான்? ஒருநாள் குளிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். நான் கெஞ்சினேன், அன்ரி கெஞ்சினார், அசையவில்லை. அன்ரி பெருமூச்சு விட்டுக் குசினிக்குள் போனார். உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டபோது எனக்குப் புல்லரித்தது. அது அன்ரியின் குரல் இல்லை. இருபது வயதுப் பெண்ணின் குரல், கொஞ்சம் சிணுங்கலும் கொஞ்சம் சிரிப்புமாக. அங்கிளின் முகம் மலர்ந்தது. பதில் சொல்லிக்கொண்டே எழும்பிக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்தவர் அன்ரியைக் கண்டதும் பழையபடி குனிந்தார். ஏதோ கேட்டார்.

“என்ன கேக்கிறார்?”

“நீங்கள் ஆர் எண்டு.”

“மனிசி எண்டு சொல்லுங்கோவன்!”

“முந்திச் சொன்னனான். அவர் அந்தப் படத்தைக் காட்டி, என்ர மனிசி இவ எண்டுவார். இப்ப குசினிக்குள்ள இருக்கிறா எண்டுவார்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்ரிக்குக் குரல் மட்டும்தானா? காலமெல்லாம் அந்த அழகிக்குக் குரல் கொடுத்தது போதாதென்று இப்போது சொந்தப் புருஷனிடமும் அவளுக்கே குரல் கொடுப்பதா? “அந்தப் படத்தை இறக்குங்கோ அன்ரி,” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

“இறக்கினா என்ர குரலுக்கு முகம் இல்லாமப் போயிரும்,” என்றார் அன்ரி. “பிறகு அவர் ஆருக்குப் பதில் சொல்லுவார்?”

அன்று வீட்டுக்கு வரும்போது ரயிலில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என் கலியாணமும் ஒரு குரலோடுதான் நடந்தது. போர்க் காலத்தில் நான் வவுனியாவில், அவர் சிட்னியில். தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று பேசுவேன். ஒரு பழைய புகைப்படமும் ஒரு மெல்லிய குரலும், அவ்வளவுதான் மாப்பிள்ளை. விமான நிலையத்தில் வந்து நின்றவர் வேறு யாரோ. முன்மயிர் போயிருந்தது, நடையும் நான் நினைத்த நடை இல்லை. தொடக்கத்தில் கன காலம், அவர் வேலையிலிருந்து போன் எடுத்தால் எனக்கு மனம் இளகும். அவரே வீட்டுக்கு வந்தால் விருந்தாளி வந்ததுபோல் இருக்கும். இந்த இரண்டு பேரில் எவரை நான் கட்டினேன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“ஒருநாள் உங்களுக்கு என்ர முகம் மறந்துபோனா, குரலை வைச்சுக் கண்டுபிடிப்பியளோ?”

“உம்மட ஏச்சை எங்கயிருந்தாலும் கண்டுபிடிப்பன்,” என்றார். கேட்ட எனக்குத்தான் புத்தி இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் அன்ரிக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் வந்தது. மகன் மெல்பேர்னில், மல்கிரேவில் ஏதோ அலுவலகத்தில் வேலை. அப்பாவைக் கொஞ்ச நாளைக்கு ஒரு முதியோர் இல்லத்தில் விடலாம் என்று போனில் சொன்னார். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறாராம். அம்மாவையே தெரியாதவருக்கு எந்த இடமானால் என்ன, பிறகு அங்கேயே இருந்துவிடலாம் என்றும் சொன்னார். கெட்ட மகன் இல்லை; களைத்துப்போன மகன். போனை வைத்துவிட்டு அன்ரி என் பக்கம் திரும்பினார்.

“அங்க கொண்டுபோய் விட்டா என்ர குரல் அவருக்குக் கேக்காது. குரலும் கேக்காட்டி நான் அவருக்கு இல்லை. திரும்பி வந்து நான் ஆருக்கு மனிசி?”

அதற்கு அன்ரியே ஒரு வழி கண்டுபிடித்தார். தன் குரலைப் பதிந்து வைத்துவிட்டுப் போவது. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். என் போனை எந்தத் தூரத்தில் பிடிப்பது என்று சொல்லித் தந்தார். ஃபிரிட்ஜ் இரைகிறது, நிப்பாட்டும் என்றார். நிப்பாட்டினேன். தொண்டையைச் செருமினார், கண்ணை மூடினார், அந்த இருபது வயதுக்காரி வந்துவிட்டாள். சாப்பிட வாங்கோ. மருந்து குடியுங்கோ. குளியுங்கோ. படுங்கோ. வெளியே போக வெளிக்கிடுங்கோ. ஒவ்வொன்றையும் தனக்குத் திருப்தி வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரேமாதிரிக் கேட்டது. முடிந்த பிறகு ஃபிரிட்ஜைத் திரும்பப் போட இரண்டு பேருமே மறந்துபோனோம். அடுத்த நாள் மீன் மணத்தில்தான் ஞாபகம் வந்தது.

இல்லப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு மகன் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு மாண்டரின் தெரியாது என்பதால் போனில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சின்னப் படம் போட்டுத் தந்தார். சாப்பாட்டுக்குக் கிண்ணம், மருந்துக்குக் குளிசை, படுக்கைக்குக் கட்டில். ஒலிபெருக்கியைக் குசினிக்குள் ரைஸ் குக்கருக்குப் பின்னால் மறைத்து வைத்தோம். நான் வரவேற்பறையில் போனை அழுத்த, குசினிக்குள்ளிருந்து குரல் வரும். “இது அவரை ஏமாத்திறது இல்லையா?” என்று மகன் என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? சினிமாக்காரரின் வீடு.

அன்ரி ஆஸ்பத்திரிக்குப் போனார். குரல் வேலை செய்தது. கிண்ணத்தை அழுத்தினால் வந்து சாப்பிட்டார், குளிசையை அழுத்தினால் விழுங்கினார். அதே வார்த்தை, அதே சிணுங்கல், அவருக்கு அலுக்கவே இல்லை. நான்தான் ஒருமுறை சொதப்பினேன். மழை பெய்த ஒரு பின்னேரம் கோப்பிக் கடைக்குப் போகவேண்டும் என்று நின்றார். குடைப் படத்தைக் கண்டேன். மழை, வெளியே போகவேண்டாம் என்று அன்ரி சொல்லியிருப்பார் என நினைத்து அழுத்தினேன். குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ என்பதுதான் அந்தப் பதிவாம். கோட்டைப் பொத்தானிட்டு, குடையை விரித்து, வரவேற்பறை நடுவில் மனைவிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மகன் கடையிலிருந்து வரும்வரை நின்றார். குடைக்குள் வரும்படி என்னையும் கையால் கூப்பிட்டார். நானும் போய் நின்றேன், வேறென்ன செய்ய.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. பிறகு அன்ரிக்கு நெஞ்சில் சளி பிடித்துக் கிருமி தொற்றிவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வருவேன் என்று சொன்ன நாள் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் ஒருநாள் அங்கிள் குசினியைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார். பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நான் போனைப் பார்த்தேன். கிண்ணம், குளிசை, கட்டில், குடை. எதை அழுத்துவது? மகனின் முகம் சிவந்துவிட்டது.

“என்ன கேட்டவர்?”

“அம்மா கோபமா என்று கேக்கிறார். குரல் மட்டும் வருது, ஏன் ஆள் வெளியில வாறேல்லை என்று கேக்கிறார்.”

மகன் போனை வாங்கிக் கிண்ணத்தை அழுத்தினார். சாப்பிட வாங்கோ என்றது குரல். அங்கிள் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் போய் மேசையில் இருந்தார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன். யாரை நினைத்து எனக்கு அழுகை வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அன்ரி திரும்பி வந்தபோது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மெலிந்து பாதியாகிவிட்டார். அங்கிளைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. அதற்குள் கரகரவென்று ஏதோ ஒரு சத்தம். குழாய் தொண்டையைப் புண்ணாக்கிவிட்டதாம். குரல் மெல்ல மெல்ல வரலாம், வராமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்ததை மகன் என்னிடம் முதலே சொல்லவில்லை.

அங்கிள் எழும்பிக் குனிந்து வணக்கம் சொன்னார், யாரோ விருந்தாளிக்குச் சொல்வதுபோல. அன்ரி நடைச்சட்டத்தைத் தள்ளித் தள்ளிக் குசினிக்குள் போனார். உள்ளே நின்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒருமுறை, இரண்டுமுறை. அங்கிள் கவலையோடு மகனிடம் ஏதோ கேட்டார். மகன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “உள்ளே யாருக்கோ சுகமில்லையா என்று கேக்கிறார். அம்மாவைக் கூப்பிடச் சொல்லுறார்.”

குசினி வாசலுக்கு ஓடினேன். அன்ரி ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு நின்றார். என் கையில் இருந்த போனைக் காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். திரும்பவும் காட்டினார். கிண்ணத்தை அழுத்தினேன். ரைஸ் குக்கருக்குப் பின்னாலிருந்து அந்த இருபது வயதுக்காரி சாப்பிடக் கூப்பிட்டாள். வெளியே அங்கிள் சந்தோஷமாகப் பதில் சொல்வது கேட்டது. அன்ரி தன் குரலைத் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு வெளியே வந்து சாப்பாட்டு மேசையில் அங்கிளுக்கு எதிரே இருந்தார். நான் சூப்பைக் கொண்டுவந்து வைத்தேன். அங்கிள் அன்ரியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். என்ர மனிசி குசினிக்குள்ள இருக்கிறா, இப்ப வந்திருவா, நீங்கள் சாப்பிடுங்கோ என்று சொன்னதாக மகன் சொன்னார். அன்ரி தலையாட்டினார். என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். இன்னொருமுறை.

அழுத்தினேன். குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. எனக்கு எதிரே அன்ரியின் உதடு அசைந்தது.

முதல் எழுத்திலிருந்து கடைசிச் சிணுங்கல்வரை ஒரு மயிரிழை விலகவில்லை. மூச்சு எடுக்கிற இடத்தில் அவரும் மூச்செடுத்தார். அங்கிள் கரண்டியை வைத்தார். குசினியைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. அன்ரியின் உதட்டை மட்டும் பார்த்தார். திரும்ப என்று கையால் காட்டினார். அழுத்தினேன். திரும்பவும் காட்டினார். அழுத்தினேன். என் விரல் வேர்த்துப் போனில் வழுக்கியது.

அங்கிள் மடக்கிய விரலால் மேசையில் ஒருமுறை தட்டினார். ஒரு சொல் சொன்னார்.

மகன் மொழிபெயர்க்க வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதியோர் இல்லம் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அங்கிள் அன்று தன் மனைவியைக் கண்டுபிடித்தாரா, இல்லை நன்றாகப் பொருந்திய ஒரு குரலைத்தான் மெச்சினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. தன் சூப்புக் கிண்ணத்தை அன்ரியின் பக்கம் தள்ளி வைத்தார். எழும்பி நிற்கவில்லை, குனியவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அன்ரியின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்காமலே என்னைப் பார்த்து இன்னொருமுறை விரலைத் தூக்கினார். நான் அழுத்தினேன்.